சான்டான்டரா, ஓ'நீலா? பேஸ்பால் சவான்ட் தளத்தைக் கொண்டு ஓர் எடைபோடல்

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. ஐ.பி.எல். ஏலம் ஜெட்டாவில் தொடங்கவிருந்த அன்று காலை, அமெரிக்காவின் பால்டிமோரில் பணிபுரியும் என் அண்ணன் மகன் தொலைபேசியில் அழைத்தான். அந்த ஊரின் பேஸ்பால் அணியான ஓரியோல்ஸ், ஆண்டனி சான்டான்டரைப் போகவிட்டால் அந்த இடத்துக்கு எந்த அவுட்ஃபீல்டரை (எல்லைச் சுவரை ஒட்டிய இடது, நடு, வலது களங்களில் ஒன்றில் நிற்பவரை) எடுப்பது என்பது அவனுடைய கவலை. "சித்தப்பா, நீங்கதான் அந்த சவான்ட் தளத்துலயே குடியிருக்கீங்களே, பார்த்துச் சொல்லுங்க" என்றான். திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு, விடியற்காலை நாலரை மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். அவன் கேட்ட கேள்விக்காக அந்தத் தளத்தை அன்று முதல் புதிதாகப் படிக்கத் தொடங்கினேன். ஓராண்டுக்கு மேல் அதைப் பயன்படுத்திப் பார்த்து, அது சொன்னதையும் களத்தில் நடந்ததையும் ஒப்பிட்ட பிறகு எழுதும் மதிப்புரை இது.

பேஸ்பாலில் ஆறு ஆண்டுகள் பெரிய லீகில் பணியாற்றி, ஒப்பந்தமும் முடிந்த வீரர், எந்த அணியோடும் சேரக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார். அவருக்காக மேடையில் சுத்தியல் தட்டப்படுவதில்லை. அணிகள் அவருடைய முகவரோடு தனித்தனியே பேசுகின்றன. ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்துக்கு லக்னோ 27 கோடி ரூபாய் கொடுத்தபோது எல்லோரும் விலையை மட்டுமே பேசினோம், ஏனென்றால் அங்கே ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பற்றிய பேரம் கிடையாது. பேஸ்பாலிலோ பணத்தைவிட ஆண்டுகள்தான் அணியை அழுத்துகின்றன. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ மெட்ஸ் அணியோடு செய்துகொண்ட ஒப்பந்தம் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர். 26 வயதில் அப்படி அடிக்கும் ஒருவரிடம் ஃபீல்டிங் எப்படி என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. முப்பதை ஒட்டிய வீரர்களிடம்தான் ஒவ்வொரு திறனையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பேஸ்பால் சவான்ட் என்பது மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பே நடத்தும் இலவசத் தளம். ஸ்டாட்காஸ்ட் என்ற அளவீட்டு ஏற்பாடு 2015 முதல் 30 மைதானங்களிலும் இயங்குகிறது. 2020 முதல் அதற்கான கண்கள் ஹாக்-ஐ கேமராக்கள். சேப்பாக்கத்தில் எல்.பி.டபிள்யூ. முறையீட்டின்போது பந்து ஸ்டம்பைத் தாக்குமா என்று திரையில் வரைந்து காட்டும் அதே ஹாக்-ஐதான், அங்கே ஒவ்வொரு மைதானத்திலும் 12 கேமராக்களாக நின்று பந்தையும் வீரர்களையும் பின்தொடர்கிறது. அந்த அளவீடுகளில் பல தளத்தில் பொதுமக்களுக்குத் திறந்து கிடக்கின்றன. ஒரு வீரரின் பக்கத்தைத் திறந்தால் நீலத்திலிருந்து சிவப்பு வரை நிறம் மாறும் பட்டைகள் தெரியும். லீகில் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் இவர் எத்தனையாவது படியில் நிற்கிறார் என்பதைப் பட்டையின் எண் சொல்கிறது. சிவப்பு உயர்ந்த படி, நீலம் தாழ்ந்த படி.

அவுட்ஃபீல்டரை எடைபோட இந்தத் தளம் தரும் மிகப் பெரிய உதவி ஃபீல்டிங் அளவீடு என்பது என் உறுதியான கருத்து. பழைய புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் பிழைகளை வைத்தே ஃபீல்டரை எடைபோட்டன. பந்தை எட்டவே முடியாத மந்தமான ஃபீல்டர் பிழையே செய்யாதவராகக் கணக்கில் நல்ல பெயரோடு இருந்துவிடுவார். சவான்ட் வேறு விதமாகக் கணக்கிடுகிறது. பந்து காற்றில் எவ்வளவு நேரம் இருந்தது, ஃபீல்டர் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்தது, பின்பக்கமாக ஓட வேண்டியிருந்ததா, சுவர் குறுக்கே நின்றதா என்பவற்றைக் கொண்டு, அந்தப் பந்தைப் பிடிக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று முதலில் தீர்மானிக்கிறது. நாலில் ஒரு பங்கு வாய்ப்பே உள்ள பந்தைப் பிடித்தவருக்கு முக்கால் புள்ளி சேர்கிறது. விட்டவருக்குக் கால் புள்ளி மட்டுமே குறைகிறது. எளிய கேட்சை விட்டவர் ஏறத்தாழ ஒரு முழுப் புள்ளியை இழக்கிறார். இதை ஆண்டு முழுவதும் கூட்டிக் கிடைப்பதே 'சராசரிக்கு மேற்பட்ட அவுட்டுகள்' என்ற எண். லாங் ஆனில் நிற்பவரின் மதிப்பை அவர் பிடித்த கேட்சுகளை வைத்து மட்டும் அளந்து பழகிய நமக்கு, அவர் எட்டியிருக்க வேண்டிய பந்துகளையும் சேர்த்து எண்ணும் இந்த முறை ஒரு கண்திறப்பு.

இனி அண்ணன் மகனின் கேள்விக்கு வருகிறேன். சான்டான்டர் 2024-இல் 44 ஹோம் ரன்கள் (நம் சிக்சர் போல எல்லைச் சுவரைத் தாண்டும் அடிகள்) அடித்தவர். வலக்கை, இடக்கை என இரண்டு விதமாகவும் பேட் செய்பவர். 2022 முதல் மூன்று ஆண்டுகளில் முறையே 152, 153, 155 ஆட்டங்கள் ஆடியவர். ஆனால் 2024-இல் அவருடைய பேட்டிங் சராசரி, அதாவது பேட் செய்த முறைகளில் வெற்றிகரமாக அடித்த பங்கு, .235 மட்டுமே. சவான்டில் அவர் பக்கத்தைத் திறந்ததும் அடிக்கும் திறனில் சிவப்பும், ஓட்டத்திலும் ஃபீல்டிங்கிலும் நீலமும் தெரிந்தன. லீகின் சராசரி ஓட்டவேகம் நொடிக்கு 27 அடி. அவர் அதற்கும் கீழே. 30 வயதில் ஏற்கெனவே மெதுவாக ஓடும் ஒருவர் 34 வயதில் வலது களத்தில் எதைப் பிடிப்பார் என்ற கேள்வியை அந்தப் பட்டைகளே எழுப்பிவிடுகின்றன. பேட் ஓய்ந்துபோனால் அணிக்கு அவரிடம் மிச்சம் எதுவும் இருக்காது என்று நான் அவனிடம் சொன்னேன்.

அவருக்கு மாற்றாக நான் பார்த்த டைலர் ஓ'நீலின் பக்கம் இன்னும் சிக்கலானது. 2020-இலும் 2021-இலும் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு க்ளவ் விருதை இடது களத்துக்குப் பெற்றவர். ஒரு காலத்தில் லீகின் மிக வேகமான ஓட்டக்காரர்களில் ஒருவர். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வேகப் பட்டையும் ஃபீல்டிங் பட்டையும் கீழிறங்கி வந்திருப்பதைத் தளம் ஆண்டுவாரியாகக் காட்டுகிறது. 2024-இல் பாஸ்டனுக்காக 113 ஆட்டங்களிலேயே 31 ஹோம் ரன்கள் அடித்தார். பந்து அவர் பேட்டில் பட்டால் பறக்கிறது. ஆனால் படாமல் போகும் முறைகளும் மிக அதிகம், ஸ்ட்ரைக்-அவுட் (பந்தை அடிக்காமலே ஆட்டமிழப்பது) பட்டை கடும் நீலம். இங்கே மைதானத்தின் கணக்கையும் சேர்க்க வேண்டும். பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸில் இடது களச் சுவரை 2022 பருவத்துக்கு முன் பின்னே தள்ளி உயர்த்தியிருந்தார்கள். வலக்கை பேட்டர்கள் அதனால் பல ஹோம் ரன்களை இழந்தார்கள். 2025 பருவத்துக்காக அந்தச் சுவர் மறுபடி முன்னே நகர்த்தப்பட்டது. வலக்கை ஆட்டக்காரரான ஓ'நீலுக்கு இது வரம். கூடவே, இடது களம் சுருங்குவதால் அங்கே நிற்பவர் ஓட வேண்டிய தூரமும் குறையும். சேப்பாக்கத்தில் திணறும் ஒருவர் பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் சிக்சர்களாக அடிப்பதை நாம் அறிவோம். ஒருவர் அடித்த பந்துகள் ஒவ்வொரு மைதானத்திலும் எத்தனை முறை ஹோம் ரன் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுத் தரும் பகுதி சவான்டில் இருக்கிறது. ஃப்ரீ ஏஜென்டை எடைபோடுகிறவர்கள் முதலில் திறக்க வேண்டிய பக்கங்களில் அதுவும் ஒன்று.

டிசம்பரில் ஓரியோல்ஸ் ஓ'நீலை 3 ஆண்டுகளுக்கு 4 கோடியே 95 லட்சம் டாலருக்கு எடுத்தது. ஜனவரியில் சான்டான்டர் 5 ஆண்டுகளுக்கு 9 கோடியே 25 லட்சம் டாலருக்கு டொராண்டோ சென்றார். 2025 மார்ச் 27 அன்று பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே இரு அணிகளும் டொராண்டோவில் மோதின. சென்னையில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஓ'நீல் ஹோம் ரன் அடித்து, தொடர்ந்து ஆறாவது ஆண்டாகப் பருவத்தின் தொடக்க நாளில் ஹோம் ரன் அடித்தவர் என்ற சாதனையைப் படைத்தார். ஓரியோல்ஸ் 12-2 என்று வென்றது. சான்டான்டரைவிட ஓ'நீலே மேல் என்ற என் கணிப்பு சரியாகிவிட்டது என்ற மகிழ்ச்சியோடு உறங்கப் போனேன்.

பருவம் முடிந்தபோது இருவரின் கணக்கும் ஒரே மாதிரி இருந்தது. ஓ'நீல் கழுத்து, தோள்பட்டை, மணிக்கட்டு என்று மாறி மாறிக் காயமடைந்து 54 ஆட்டங்கள் ஆடினார், சராசரி .199, ஹோம் ரன்கள் 9. சான்டான்டரும் தோள்பட்டைக் காயத்தால் அதே 54 ஆட்டங்கள்தான் ஆடினார், சராசரி .175, ஹோம் ரன்கள் 6. ஓ'நீலைப் பொறுத்தவரை எச்சரிக்கை முன்பே இருந்தது: 2022-இல் 96, 2023-இல் 72 ஆட்டங்களே ஆடியவர் அவர். ஆனால் மூன்று ஆண்டுகள் ஏறத்தாழ ஒரு நாள் விடாமல் ஆடிய சான்டான்டர் இப்படி முடங்குவார் என்பதை எந்தப் பட்டையும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வீரரின் உடல் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு இத்தளத்தில் நிறம் கிடையாது. சிவப்பும் நீலமும் அவர் களத்தில் நின்ற நாட்களைப் பற்றி மட்டுமே பேசுகின்றன என்பதை இத்தளத்தைப் படிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் பார்வை மாறியது. யாரை எடுப்பது என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை ஆண்டுகளுக்கு எடுப்பது என்று கேட்டிருக்க வேண்டும். ஆண்டுக்கு என்று பார்த்தால் சான்டான்டருக்கு 1 கோடியே 85 லட்சம், ஓ'நீலுக்கு 1 கோடியே 65 லட்சம் டாலர், வேறுபாடு பெரிதில்லை. இரண்டு அணிகளுமே ஓர் ஆண்டை இழந்துவிட்டன; டொராண்டோவின் தோளில் அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன, ஓரியோல்ஸின் தோளில் இரண்டுதான். அந்த இரண்டு கூடுதல் ஆண்டுகளைக் கொடுக்க வேண்டாம் என்பதற்கான காரணம் ஓட்டப் பட்டையிலும் ஃபீல்டிங் பட்டையிலும் முன்பே நீல நிறத்தில் எழுதியிருந்தது.

தளத்தின் இன்னொரு பகுதியில் எனக்குச் சற்று ஏமாற்றம் உண்டு. பந்து பேட்டை விட்டுக் கிளம்பிய வேகத்தையும் கோணத்தையும் வைத்து, இவருக்கு எவ்வளவு கிடைத்திருக்க வேண்டும் என்று கணக்கிடும் 'எதிர்பார்க்கப்படும்' எண்களைப் பலரும் வேதவாக்காகக் கொள்கிறார்கள். மணிக்கு 95 மைல், அதாவது 153 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கிளம்பும் பந்து நன்கு அடிக்கப்பட்டது என்பது அங்கே அளவுகோல். மைக்கேல் கன்ஃபோர்ட்டோ என்ற அவுட்ஃபீல்டர் சான் ஃபிரான்சிஸ்கோவின் கடற்கரை மைதானத்தில் ஆடிய 2024-இல் அந்த அளவுகோலில் தேறினார். மைதானம் மாறினால் மலர்வார் என்று நானும் நம்பினேன். டாட்ஜர்ஸ் அணி அவருக்கு ஓராண்டுக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்தது. 2025-இல் அவர் சராசரி .199, ஹோம் ரன்கள் 12. கடந்த ஆண்டு அடித்த பந்துகளின் விளக்கமாக அந்த எண்கள் நேர்மையானவை. அடுத்த ஆண்டுக்கான வாக்குறுதியாக அவற்றை எடுத்துக்கொண்டது என்னைப் போன்றவர்களின் தவறு. ஓராண்டு ஒப்பந்தம் என்பதால் டாட்ஜர்ஸுக்கு அதோடு முடிந்தது.

மாறாக, ஹாரிசன் பேடர். 2021-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் ஐந்து பேர் ஒரே ஆண்டில் கோல்டு க்ளவ் வாங்கியபோது ஓ'நீல் இடது களத்துக்கும் இவர் நடுக் களத்துக்கும் வாங்கினார்கள். 2024-இல் பேட்டிங் பட்டைகள் மங்கிக் கிடந்தாலும் ஃபீல்டிங் பட்டை அடர் சிவப்பு. மினசோட்டா அவரை ஓராண்டுக்கு 62.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. பேட்டில் எது கிடைத்தாலும் அது மேலதிகம் என்று சொல்லக்கூடிய விலை அது. 2025-இல் அவர் .277 சராசரியும், தன் வாழ்நாளிலேயே மிக அதிகமாக 17 ஹோம் ரன்களும் எடுத்தார். பருவத்தின் நடுவில் பிலடெல்பியா அவரைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அவருடைய கேட்சுகளின் காணொளிகளைத் தளத்திலேயே ஒவ்வொன்றாகப் பார்க்க முடிவது எனக்கு மிகப் பிடித்த வசதி. எண்ணைப் படித்துவிட்டு அந்த ஓட்டத்தையும் கண்ணால் பார்க்கும்போதுதான் எண்ணின் பொருள் விளங்குகிறது.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு தடைகள் உண்டு. அனைத்தும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளாகவும், அளவுகள் அடியிலும் மைலிலும் இருக்கின்றன. முதல் வாரத்தில் பக்கத்தில் ஒரு தாளில் விளக்கம் எழுதி வைத்துக்கொண்டால் போதும். தேடல் பக்கம் மிக விரிவானது என்பதால் கைபேசியில் பார்ப்பதைவிடக் கணினியில் பார்ப்பது நல்லது. கட்டணமில்லாமல் இவ்வளவு தருகிற ஒன்றுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரங்களைத் தயங்காமல் கொடுப்பேன்.

இப்போது என் வரிசை மாறிவிட்டது. முதலில் வீரரின் வயதையும் கடந்த நான்கு ஆண்டுகளில் ஆடிய ஆட்டங்களையும் குறித்துக்கொள்கிறேன். அடுத்து ஓட்டவேகமும் ஃபீல்டிங்கும் ஆண்டுதோறும் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்க்கிறேன். பேட்டிங் பட்டைகளைக் கடைசியாகத்தான் திறக்கிறேன், ஏனென்றால் அவற்றின் சிவப்பைப் பார்த்துவிட்டால் மற்றவை கண்ணில் படுவதில்லை. சென்ற முறை அண்ணன் மகன் அழைத்து ஒரு பெயரைச் சொன்னபோது, "எத்தனை வருஷத்துக்குக் கேட்கிறாங்க?" என்றுதான் முதலில் கேட்டேன்.