கிறிஸ்துமஸ் கைவினைப் பெட்டி: பொருள் நிறைய, பசைதான் மோசம்

கிறிஸ்துமஸ் நெருங்கினாலே குழந்தைகளுக்கான கைவினைப் பெட்டிகள் வரிசைகட்டி வந்துவிடும். உள்ளே நூற்றுக்கணக்கான பொருள் இருப்பதாக மூடியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். கொட்டி எண்ணினால் அதில் பாதி சீக்வின்ஸும் (மினுமினுக்கும் சின்ன வட்டத் தகடுகள்) பொம்மைக்கு ஒட்டும் அசையும் கண்களும்தான். எண்ணிக்கையை விட்டுவிட்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள்: பைப் கிளீனர் (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) எத்தனை, மணியின் துளை எவ்வளவு பெரிது, காகிதம் எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), பசை என்ன வகை. முதல் மூன்றும் சுமாராக இருந்தால் சமாளிக்கலாம். பசை தவறாக இருந்தால் குழந்தை செய்தது கண்ணெதிரே உதிரும், அதோடு ஆர்வமும் போய்விடும்.

பெரும்பாலான பெட்டிகளில் வருவது ஒரு சின்ன க்ளூ ஸ்டிக், அதாவது குச்சிப் பசை. காகிதத்தோடு காகிதத்தை ஒட்ட அது நல்ல பசை; ஈரம் குறைவு என்பதால் தாள் நெளியாது. ஆனால் அதே பெட்டியில் பாம்பாம் (பஞ்சு போன்ற நூல் உருண்டை), ஐஸ் குச்சி, அசையும் கண் எல்லாம் இருக்கும். பாம்பாமின் மேற்பரப்பு முழுக்க நூல் நுனிகள். குச்சிப் பசையின் மெல்லிய பூச்சு அந்த நூல்களுக்குள் இறங்காது, விரலை எடுத்ததும் பாம்பாம் உருண்டு ஓடும். அதற்கு வெள்ளைப் பசைதான் வேண்டும். பாட்டிலோடு குழந்தையிடம் கொடுத்தால் குளம் கட்டிவிடும். ஒரு மூடியில் ஒரு ஸ்பூன் அளவு ஊற்றி, இயர்பட்ஸால் தொட்டு வைக்கச் சொல்லுங்கள்.

வெள்ளைப் பசையில் இருக்கும் நீர் வெளியேறினால்தான் அது பிடிக்கும். மரம், துணி, காகிதம் நீரை உறிஞ்சும், அதனால் அரை மணி நேரத்தில் ஓரளவு பிடித்துவிடும். முழுமையாக இறுக ஒரு நாள் வேண்டும். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை ஒட்டினால் நீர் போக வழியில்லை. காய்ந்த பிறகும் படலமாக உரிந்து வரும். அந்த இடத்தில் இரட்டைப் பக்க டேப் மேல். சூட்டுப் பசைத் துப்பாக்கி எல்லாவற்றையும் ஒட்டும்தான், ஆனால் ‘குறைந்த சூடு’ வகையிலேயே பசை 120 டிகிரி செல்சியஸ் வரை போகும். அது பெரியவர் கையில் மட்டும் இருக்கட்டும்.

பசையே தேவைப்படாத ஒன்றுதான் இந்தப் பெட்டிகளில் கிடைக்கும் சிறந்த வேலை: பைப் கிளீனரில் மணி கோத்துச் செய்யும் வளைந்த மிட்டாய்க் கோல். 30 செ.மீ. பைப் கிளீனரை இரண்டாக வெட்டுங்கள். ஒரு நுனியை 5 மி.மீ. மடித்து, முதல் மணியை அந்த மடிப்புவரை இழுத்து நிறுத்துங்கள். பிறகு சிவப்பு, வெள்ளை என மாற்றி மாற்றிக் கோக்கலாம். மணியின் நீளம் 6 மி.மீ. என்றால் ஒரு கோலுக்குச் சுமார் 21 மணி பிடிக்கும். கடைசியில் 1 செ.மீ. இடைவெளி விடுவது முக்கியம். நெருக்கி அடைத்துவிட்டால் கோலின் மேல்பகுதியைக் கொக்கியாக வளைக்க முடியாது. வெளி வளைவில் மணிகள் விலக இடம் தேவை. கம்பியின் மறுமுனையையும் மடித்துக் கடைசி மணியின் துளைக்குள் செருகிவிடுங்கள், இல்லையென்றால் கையைக் கீறும். 4 மி.மீ. துளையுள்ள மணிக்குள் 6 மி.மீ. தடிமனுள்ள பஞ்சு நசுங்கி நுழைவதால், வைத்த இடத்தில் மணி அப்படியே நிற்கும். சில பெட்டிகளில் பளபளப்பான உருண்டை மணிகளைப் போட்டிருப்பார்கள். துளை 1 அல்லது 2 மி.மீ.தான், பைப் கிளீனர் உள்ளேயே போகாது. பார்க்க அழகு, பயன் பூஜ்யம்.

காகிதச் சங்கிலிக்கு 80 ஜிஎஸ்எம் வண்ணத்தாள் போதும். ஏ4 தாளை அகலவாக்கில் 3 செ.மீ. பட்டைகளாக வெட்டினால் 9 பட்டை வரும். ஒவ்வொன்றிலும் 1.5 செ.மீ. மேலடுக்கி ஒட்டினால் வளையத்தின் குறுக்களவு ஏறக்குறைய 6 செ.மீ. ஆகும். ஒரு மீட்டர் சங்கிலிக்கு இரண்டு தாள் கணக்கு. நாலு வயதுக் குழந்தையும் செய்துவிடும்.

பனித்துகள் வெட்டும் தாள்களில்தான் பெட்டிக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். முதல் தவறு, மினுமினுப்புப் பூசிய கனமான அட்டையைக் கொடுப்பது. சரியான மடிப்பில் 12 அடுக்கு வரும். 80 ஜிஎஸ்எம் தாளே அந்த நிலையில் ஒரு மி.மீ.க்கு மேல் தடித்துவிடும். குழந்தைகளின் மழுங்கிய கத்தரிக்கோலுக்கு அதுவே எல்லை. இரண்டாவது தவறு செய்முறைப் படத்தில் இருக்கிறது. பாதி, பாதி என்று மடித்துக்கொண்டே போகச் சொல்வார்கள், விரித்தால் நான்கோ எட்டோ முனை வரும். நிஜப் பனித்துகளுக்கு ஆறு கை. அமெரிக்கப் பனித்துகள் புகைப்படக்காரர் வில்சன் பென்ட்லி 1885-இல் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து எடுத்த படங்களிலேயே அதைப் பார்க்கலாம். ஆறு வேண்டுமென்றால் சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீளமான பக்கத்தின் நடுப்புள்ளியை மையமாக வைத்து, மூன்று சம பங்காக வரும்படி வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடியுங்கள். பிறகு ஒரு முறை பாதியாக. மையத்தை முழுதாக வெட்டி எடுத்துவிடாமல் ஓரங்களில் கொத்தினால் போதும். இந்த மூன்று பங்கு மடிப்பை பெரியவர் செய்து கொடுக்க, வெட்டுவதைக் குழந்தை பார்த்துக்கொள்ளட்டும்.

காற்றில் உலரும் களிமண் வரும் பெட்டிகளை எடுக்க வேண்டியதில்லை. மெல்லிய ஓரம் முதலில் காய்ந்து சுருங்கும், நடுவில் ஈரம் இருக்கும், விரிசல் விழும். உப்பு மாவு எவ்வளவோ மேல்: 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, 1 கப்புக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். பத்து நிமிடம் பிசைந்து, 5 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து, நட்சத்திர அச்சால் வெட்டுங்கள். மாட்டும் துளையை ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி ஸ்ட்ராவால் போடுங்கள்; ஓரத்துக்கு மிக அருகில் போட்டால் ரிப்பன் கட்டும்போது பிய்யும். ஓவனில் 110 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 மணி நேரம், நடுவில் ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் பூரி மாதிரி உப்பிப் பழுப்பாகிவிடும். பேக்கிங் பவுடர் கலந்த மாவைப் பயன்படுத்தினாலும் இப்படியே உப்பிவிடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு பக்கமும், துளைக்குள்ளும் வார்னிஷ் அடிக்காவிட்டால் சில மாதங்களில் பிசுபிசுக்கும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், இவ்வளவு உப்பு அதற்கு விஷம்.

ஒளிபுகும் பிளாஸ்டிக் உருண்டைக்குள் வண்ணம் ஊற்றிச் சுழற்றும் வேலை படத்தில் மட்டுமே அழகு. வாய் குறுகல், உள்ளே காற்றோட்டம் இல்லை, வண்ணம் நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்து அடியில் தேங்கும். செய்தே ஆகவேண்டும் என்றால் அரை ஸ்பூன் அக்ரிலிக் ஊற்றிச் சுழற்றிவிட்டு, ஒரு கப்பின் மேல் தலைகீழாக இரவு முழுக்க வடியவிடுங்கள்.

உதிரி கிளிட்டர் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் கிளிட்டரைத் தூளாக விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் 17 முதல் கட்டுப்படுத்தத் தொடங்கியது, அது நுண்பிளாஸ்டிக் என்பதால். பெட்டியில் வந்துவிட்டால் தூவ விடாதீர்கள். ஒரு பங்கு தூளை இரண்டு பங்கு வெள்ளைப் பசையில் குழைத்துப் பிரஷால் பூசினால் தரையெல்லாம் பறக்காது. காய்ந்ததும் பசை தெளிவாகிவிடும், மினுக்கு மட்டும் தெரியும்.

எல்இடி விளக்கு சேர்ந்த பெட்டி என்றால் பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வட்ட பட்டன் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் 2 மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாகிவிடும். திருகாணி இல்லாத பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் வெள்ளைப் பசைப் பாட்டிலின் மூக்கை ஈரத்துணியால் துடைத்து மூடுங்கள். அடைத்துப்போனால் மூக்கை மட்டும் கழற்றி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பல்குச்சியால் தள்ளினால் வந்துவிடும்.