விட்டவனும் விடாதவனும்: ஒரே வீட்டில் இரண்டு கணக்கு

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் ஒரே ஒரு எலக்ட்ரானிக் தராசுதான் இருக்கிறது. பகலில் அதில் சீப்புச்சீடை, தேன்குழல், மனகோலம் என்று என் பலகாரப் பெட்டிகள் ஏறும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் என் மனைவியின் தம்பி தன் கண்டாங்கிச் சேலைப் பார்சல்களை அதே தராசில் வைப்பான். நான் எட்டே கால் வருடம் பார்த்த நிதி நிறுவன வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஆன்லைனில் விற்கிறவன். அவன் தனியார் கல்லூரி ஆபீஸில் கிளார்க்; வேலையை விடாமல் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறான். ‘நானும் வேலையை விட்டுடலாமா அத்தான்?’ என்று அவன் கேட்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சரக்கைப் பார்க்க வேண்டும். வேலையா வியாபாரமா என்று பேசுகிற பலரும் எதை விற்கிறோம் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கண்டாங்கி பருத்திச் சேலை. மடித்துக் கவரில் போட்டால் உடையாது, கெடாது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரியும். இன்று விற்காவிட்டால் அடுத்த மாதம் விற்கலாம். பலகாரம் அப்படி இல்லை. கடலை எண்ணெயில் பொரித்து எடுத்த நாளிலிருந்தே நாள் எண்ண ஆரம்பிக்க வேண்டும். ஐப்பசி மழையில் மனகோலத்து வெல்லப்பாகு கசிந்து மொத்தமும் நமுத்துப் போகும். தேன்குழலை எவ்வளவு பொத்திப் பொத்தி அடுக்கினாலும் பத்துக்கு ஒன்று தூளாகித்தான் போய்ச் சேரும். சேலைக்கு அவன் வீடு திரும்பும் வரை காத்திருக்கத் தெரியும், சீடைக்குத் தெரியாது.

இனி பணம். என் சம்பளம் கைக்கு 31,000 வந்தது. வேலையில் இருந்தபடியே, லீவு போட்டுச் செய்த ஒரு தீபாவளி மாதத்தில் 58,000 நின்றது. அந்த ஒரு மாதத்தை வைத்துத்தான் ராஜினாமா எழுதினேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். முழுநேரமாக இறங்கிய முதல் வருடம் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிப் பார்த்தால் 2,64,000. மாதத்துக்கு 22,000. ஆடியில் ஏழாயிரம்கூடத் தேறவில்லை. பாக்கிங் முழுக்க என் மனைவி. அவளுக்குக் கூலி போட்டால் இன்னும் கீழே. இந்த ஊரில் ஐந்தொகை என்ற வரவு செலவு, லாப நட்டக் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் பரம்பரை பரம்பரையாக இருந்திருக்கிறார்கள். நான் மட்டும் செலவுப் பக்கத்தில் என் சம்பளத்தையும் அவள் கூலியையும் எழுதாமல் ‘லாபம், லாபம்’ என்று திரிந்தேன்.

என்னை மீட்டது தராசுதான். ஒரு கிலோ சீடை 650 ரூபாய், டெலிவரி இலவசம். அதில் ஜிஎஸ்டி 31, செய்து தருகிற ஆச்சிக்கு 400, பெட்டியும் லேபிளும் 35. கிலோப் பாக்கெட் என்றாலும் பெட்டியோடு 1,150 கிராம் வரும். கூரியரில் அரைக் கிலோவுக்கு ஒரு படி என்பதால் ஒன்றரைக் கிலோ கட்டணம், 110. மிச்சம் 74. இதையே 800 கிராம் பாக்கெட்டாக்கி 560க்கு விற்றேன். பெட்டியோடு ஒரு கிலோவுக்குள் அடங்கிவிட்டது, கூரியர் 75. ஆச்சிக்கு 320, பெட்டிக்கு 33, வரி 27 போக மிச்சம் 105. சரக்கு குறைந்தது, மிச்சம் கூடியது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது. சம்பள வேலையில் இருந்திருந்தால் ராத்திரித் தூக்கத்தில் இதெல்லாம் கண்ணில் பட்டிருக்காது என்பதும் நிஜம். இரண்டாம் வருடச் சராசரி 36,000.

கொட்டான் என்ற பனையோலைக் கூடை விற்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எடை பார்த்து ஏமாறாதீர்கள். 30க்கு 30க்கு 25 சென்டிமீட்டர் பெட்டி என்றால் மூன்றையும் பெருக்கி 5,000ஆல் வகுத்து நாலரைக் கிலோ என்று பில் போடுவார்கள், உள்ளே இருப்பது அரைக் கிலோ பனையோலையாக இருந்தாலும். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லின் கனத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மைத்துனன் பக்கம்: சம்பளம் 24,000, சேலையில் மூவாயிரம், நாலாயிரம். சின்னத் தொகைதான், ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் அவன் வீட்டு அரிசி நிற்பதில்லை. அவன் இழப்பது வேறு. காலை பதினொரு மணிக்கு ‘அரக்குக் கலர் இருக்கா, கட்டிக் காட்டுவீங்களா?’ என்று மெசேஜ் வரும். ஆறு மணிக்கு இவன் பதில் போடும்போது அந்த அம்மா வேறு எங்கோ வாங்கி முடித்திருப்பார். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவைப் பார்த்து வாங்கிவிட்டு ‘கலர் வேற’ என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. பகல் வெளிச்சம் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

நான் அதிகம் வருத்தப்படுவது பிஎஃப் விஷயத்தில். நம் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12. முதலாளி பங்கிலிருந்து 8.33 பென்ஷனுக்குப் போகும். பத்து வருடம் சர்வீஸ் இருந்தால்தான் மாதப் பென்ஷன். எனக்கு இன்னும் ஒன்றே முக்கால் வருடம் இருந்தது. பிஎஃப் ஆபீஸில் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்திருந்தால் பின்னால் வேறு வேலைக்குப் போனாலாவது பழைய வருடங்கள் சேர்ந்திருக்கும். அதையும் செய்யாமல் பென்ஷன் பணத்தை எடுத்து பாக்கெட் வாய் ஒட்டுகிற சீலிங் மெஷின் வாங்கினேன். கிராஜுவிட்டி எண்பதாயிரத்துச் சொச்சம் வந்தது, ஐந்து வருடம் தாண்டியதால். அது முதல் ஆடியிலேயே கரைந்தது.

கடன் கேட்கப் போனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அவன் சம்பளச் சீட்டை நீட்டி வீட்டுக் கடன் வாங்கினான். என்னிடம் மூன்று வருட வருமான வரிக் கணக்கு கேட்டார்கள், இரண்டுதான் இருந்தது.

பேப்பர் வேலையும் எனக்குத்தான் அதிகம். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருக்க வேண்டும். வருட விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி இல்லை என்று யாராவது சொன்னால் முழுசாக நம்பிவிடாதீர்கள். அது மாநிலத்துக்குள் சரக்கு விற்பவருக்கு. பெங்களூருக்கு ஒரு சீடைப் பாக்கெட் போனாலும் பதிவு வேண்டும்.

சரி, விடுவதா வேண்டாமா? வட்டிக்கடைக் காலத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் உள்ள அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, ரங்கூனிலும் பினாங்கிலும் மூன்று மூன்று வருடக் கணக்கு முடித்த பிறகுதான் சொந்தக் கடை போட்டார்கள். அதுவரை சம்பளம்தான். என்னைக் கேட்டால் சேலை விற்கிறவன் அதே வழியில் போகலாம். பகலில் பதில் சொல்ல வீட்டில் ஓர் ஆள் கிடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும், வேலையை விட வேண்டியதில்லை. பலகாரம் தினமும் பத்துப் பெட்டி தாண்டிவிட்டால் பாதி ஆளாக நின்று ஓட்ட முடியாது. அப்போதும் பன்னிரண்டு மாதக் கணக்கு, ஆறு மாதச் சாப்பாட்டுக் காசு, பிஎஃபில் எத்தனை வருடம் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு விட வேண்டும். நான் மூன்றையும் பார்க்கவில்லை. திரும்ப வேலைக்குப் போவாயா என்றால் மாட்டேன். அது வேறு விஷயம்.

போன ஆவணியில் அவனுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். மாதா மாதம் வரவு, செலவு, அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கூலி உட்பட எழுதச் சொன்னேன். நேற்று ராத்திரி கொண்டுவந்து காட்டினான். ‘பாருங்க அத்தான், பதினோரு மாசமும் மேலதான் இருக்கு.’

ஆனி வரை எழுதியிருந்தது. பெரிய கடைகளெல்லாம் தள்ளுபடி போர்டு மாட்ட ஆரம்பித்துவிட்டன. ‘ஆடியையும் எழுது மாப்பிள்ளை’ என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.