சம்பா கோதுமை ரவையும் மாவும்: உறையில் இல்லாத ரகத்தின் பெயர்

கோவையில் இயற்கை விளைபொருள் விற்கும் ஒரு கடையில் சம்பா கோதுமை ரவை ஒரு கிலோவும் மாவு ஒரு கிலோவும் வாங்கி, மூன்று வாரம் வீட்டில் சமைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். ரவையைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒரு பங்கு ரவைக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்துக் கிளறிய உப்புமா குழையாமல் உதிரியாக வந்தது, ஆறிய பிறகும் கட்டி தட்டவில்லை. வறுக்கும்போது எழுந்த மணத்துக்காகவே இன்னொரு முறை வாங்கலாம். உமித்துணுக்குகள் ஓரிரண்டு தட்டுப்பட்டன. கதிரடித்த பிறகும் உமி மணியை விட்டுப் பிரியாத கோதுமை இது என்பதால், அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

மாவுதான் ஏமாற்றம். வழக்கம்போல் பிசைந்து தேய்த்தபோது சப்பாத்தி ஓரங்களில் கிழிந்தது. வெந்நீரில் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டதும் ஓரளவு சீரானாலும், மதியத்துக்குள் விறைத்துவிட்டது. இதை ஆலையின் குறையாகக் கொள்ள முடியாது. நாம் வழக்கமாக வாங்கும் ரொட்டிக் கோதுமையில் 42 குரோமோசோம்கள் இருக்க, சம்பாவில் 28 மட்டுமே உள்ளன. மாவுக்கு இழுவைத் தன்மை தரும் குளூட்டன் புரதங்களில் முக்கியமான சில, அந்தக் கூடுதல் பதினான்கோடு வந்தவை. ஆனால் இதையெல்லாம் விளக்கியிருக்க வேண்டிய உறை, 'குளூட்டன் அற்றது' என்று அச்சிட்டிருக்கிறது. இது பிழை மட்டுமன்று, ஆபத்தும்கூட. சம்பாவின் குளூட்டன் வலுக்குறைந்ததே தவிர இல்லாதது அன்று. குளூட்டன் உடலுக்கு ஒவ்வாத சீலியாக் நோயாளிகள் இதைத் தொடக்கூடாது.

அதே உறையில் 'ஆய்வுக்கூடம் தொடாத தானியம்' என்ற பெருமிதமும் இருக்கிறது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. மகாராஷ்டிரத்தில் கப்லி என்று வழங்கும் இந்தக் கோதுமையை, கோதுமையைத் தாக்கும் பூசண நோயான தண்டுத் துருவின் இனங்களைப் பிரித்தறிய அமெரிக்கப் பயிர்நோய் ஆய்வாளர்கள் ஸ்டாக்மேனும் லெவினும் 1922-இல் வகுத்த பன்னிரண்டு சோதனைக் கோதுமைகளுள் ஒன்றாகச் சேர்த்தார்கள். எஸ்ஆர்13, எஸ்ஆர்14 என்ற இரு எதிர்ப்பு மரபணுக்கள் கப்லியிலிருந்தே பிற கோதுமைகளுக்குச் சென்றன. அவற்றுள் முதலாவது, 1998-இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட யுஜி99 துரு இனத்தையும் எதிர்த்து நிற்கிறது. நமக்கு இன்னும் அருகில், நீலகிரியின் வெலிங்டனில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வட்டார நிலையம் 1954 முதல் கோதுமையைத் துருவுக்கு எதிராகப் பண்படுத்தி வருகிறது. அந்த மலையின் குளிரில் துருப் பூசணம் ஆண்டு முழுவதும் அழியாமல் இருப்பது உழவர்களுக்குத் தொல்லை என்றாலும், எந்த ரகம் தாங்கும் என்று சோதிப்பவர்களுக்கு வசதி. 'நீலகிரி கப்லி' எனப்படும் எச்டபிள்யூ 1098 என்ற குட்டை ரகச் சம்பா அங்கு உருவானதே. பழைய ரகங்கள் உயரமாக வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடும் குறைக்கு அதுவே விடை.

ஆகவே நான் வாங்கிய உறையில் எந்த ரகம் இருந்தது? கடைக்காரரிடம் கேட்டேன், "சம்பாதான் சார்" என்றார். அரிசியில் பொன்னி, சீரகச் சம்பா என்று பெயர் பார்த்து வாங்கும் நாம், சாதாரணக் கோதுமை மாவைவிட இரு மடங்குக்கும் மேல் விலை கொடுக்கும் இந்த மாவின் ரகத்தையும், விளைந்த மாவட்டத்தையும், அரைத்த தேதியையும் கேட்பதில் தவறில்லை. மூன்றில் தேதி மட்டுமே அச்சாகியிருந்தது, அதுவும் மங்கலாக.

ரவையை மீண்டும் வாங்குவேன். முழு மணி கிடைத்தால் இரவு ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து அல்வா கிண்டிப் பார்க்க எண்ணம். மாவை, ரொட்டிக் கோதுமை மாவோடு பாதிக்குப் பாதி கலக்க ஒப்புகிறவர்கள் மட்டும் வாங்கலாம்.