மிக்சர் மெசினுக்கு டிரைவ் வாங்குறவங்க ஸ்டிக்கருக்கு அடியில பாத்துட்டு வாங்குங்க

மசாலா யூனிட் வச்சிருக்கவங்க தயவு செஞ்சு படிச்சிருங்க. ஈரோட்ல எங்க மில்லுல மசாலா கலக்குற மிக்சர் ஒண்ணு ஓடுது, 5 ஹெச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார், 1440 ஆர்பிஎம். ஸ்பீட கூட்டிக் கொறைக்க விஎஃப்டி டிரைவ் கேட்டு ஒரு டீலர்கிட்ட போனேன், என்ன மெசினுன்னு தெளிவா சொல்லித்தாங்க கேட்டேன். "5 ஹெச்பி டிரைவ், கரண்ட் பில்லும் பாதியாயிரும்"னாரு, நம்பி 16,000 குடுத்தேன்.

காலியா ஓட்டுனா அருமையா ஓடுது. சரக்கு போட்டு ஸ்டார்ட் பண்ணா ரெண்டு சுத்து, அப்புறம் ஓவர்கரண்ட்னு காட்டி நின்னுரும். அவரு அனுப்புன ஆளு வந்து டார்க் பூஸ்ட்ட (கம்மி ஸ்பீடுல இழுவை கெடைக்க வோல்டேஜ கூட்டுற செட்டிங்) ஏத்தி, மோட்டார் ஓவர்லோடு புரொடக்சன ஆஃப் பண்ணிட்டு, 15 ஹெர்ட்ஸ்ல ஓட்டுங்க ஒண்ணும் ஆகாதுன்னு போயிட்டாரு. 50 ஹெர்ட்ஸ்ல 1440 சுத்துற மோட்டார் 15 ஹெர்ட்ஸ்னா 450 சுத்துக்கும் கீழதான், கூலிங் ஃபேனும் அதே ஷாஃப்ட்ல தான இருக்கு, காத்து சரியா வராது, ஆனா சரக்கோட இழுவை அப்படியேதான் இருக்கும். நாலாவது நாள் வார்னிஷ் கருகுன நாத்தம், மோட்டார் போச்சு.

ரீவைண்டிங் பண்ற அண்ணன் தொறந்து காட்டுனாரு, மூணு ஃபேஸ் காயிலும் ஒரே மாதிரி கருப்பா இருந்துச்சு, ஒரு ஃபேஸ் வராம போயிருந்தா இப்படி ஆகாதுப்பா, இது நிறைய நேரம் சூடு தாங்கிப் போனதுன்னாரு. அப்புறம் டிரைவோட பக்கவாட்டுல ஒட்டியிருந்த '5 ஹெச்பி' ஸ்டிக்கர நகத்தால சொரண்டுனாரு. அடியில கம்பெனி பிளேட்டு, என்டி (நார்மல் டியூட்டி) 3.7 கிலோவாட், ஹெச்டி (ஹெவி டியூட்டி) 2.2 கிலோவாட். அதாவது ஃபேன், பம்புக்குத்தான் அது 5 ஹெச்பி, மிக்சர் மாதிரி ஹெவி டியூட்டிக்கு வெறும் 3 ஹெச்பி! பம்புல ஸ்பீடு கொறைஞ்சா இழுவையும் வேகமா கொறைஞ்சிரும், கரண்டும் நல்லா மிச்சமாகும், மிக்சர்ல அந்தக் கணக்கே கெடையாதுங்க. இது தெரிஞ்சேதான் அந்த எடத்துல ஸ்டிக்கர ஒட்டியிருக்காங்க, எனக்கு வயிறு எரியுது.

டீலர்கிட்ட கேட்டா "உங்க மோட்டார் பழசுங்க"ங்குறாரு, இப்ப ஃபோனே எடுக்கறதில்ல. ரீவைண்டிங் செலவு, ஒரு வாரம் வேலை நின்னது எல்லாம் என் தலையில.

இப்ப வேற எடத்துல ஹெவி டியூட்டி 3.7 கிலோவாட், வெக்டார் கண்ட்ரோல் (கம்மி ஸ்பீடுலயும் நல்ல இழுவை குடுக்குற முறை) உள்ளதா வாங்கி, மோட்டார் பிளேட்ல இருக்குற ஆம்ப்ஸ் போட்டு ஆட்டோ டியூன் பண்ணி (டிரைவே மோட்டார அளந்து செட் பண்ணிக்கிறது), ஷாஃப்ட்ல சேராம தனியா ஒரு கூலிங் ஃபேன் மாட்டி அதுக்குத் தனி சப்ளை குடுத்தாச்சு, அதே 15 ஹெர்ட்ஸ்ல முழு சரக்கோட இழுக்குது. பில்லுலயே 'ஹெவி டியூட்டி, மிக்சருக்கு'ன்னு எழுதி வாங்குனேன், பழைய பில்லுல 'டிரைவ் 5 ஹெச்பி - 1'ன்னு ஒரே வரிதாங்க இருக்கு.