மோஷில வாடகைக்கு எடுத்த ஸ்லீப்பிங் பேக்

தான்சானியாவுல கிளிமஞ்சாரோ மலை, மச்சாமேங்குற பாதை வழியா 7 நாள் ஏத்தம், மோஷி அதோட அடிவார ஊரு. கூட்டிட்டுப் போனவங்க மேல குறையே இல்ல, கிளம்புறதுக்கு மொத நாள் சாயங்காலமே கைடு ரூமுக்கு வந்து பைய கட்டில்ல கொட்டச் சொல்லி ஒவ்வொண்ணா பாத்தாரு, போர்ட்டர் தூக்குற பை 15 கிலோ தாண்டக்கூடாதுனு தராசுல தொங்கவிட்டு என் ரெண்டு ஜீன்ஸையும் வெளிய எடுத்துப் போட்டுட்டாரு (ஜீன்ஸ எதுக்கு எடுத்துட்டுப் போனேன்னு எனக்கே தெரியல). 3வது நாள் லாவா டவர், சுமார் 4600 மீட்டர், உடம்பு உயரத்துக்குப் பழகணும்னு அது வரைக்கும் ஏத்திட்டு தூங்க மட்டும் கீழ பராங்கோ கேம்புக்கு எறக்கிட்டாங்க, மண்டைய பொளந்த தலைவலி ராத்திரிக்குள்ள போயே போச்சு.

கடுப்பெல்லாம் அந்த வாடகைக் கடை மேலதான். எந்தக் குளிரும் தாங்கும்னு சொல்லிக் குடுத்த ஸ்லீப்பிங் பேக், ஜிப் முழங்கால்கிட்ட வந்து துணிய கவ்விக்கிச்சு, உச்சிக்கு முன்னாடி கடைசி கேம்பான பராஃபுல ஊக்கு குத்திட்டுதான் படுத்தேன், அதுவும் நடுராத்திரி எந்திரிச்சு 5895 மீட்டர் உச்சிக்கு ஏறணும். காசு குடுக்குறதுக்கு முன்னாடி கடையிலயே உள்ள படுத்து ஜிப்ப கழுத்து வரைக்கும் இழுத்துப் பாத்துடுங்க, சிரிச்சா சிரிக்கட்டும். பூட்ஸ் மட்டும் வாடகைக்கு வேணவே வேணாம், முன்னாடியே வாங்கி போட்டு நடந்து பழக்கிக்கோங்க.

கைடுக்கு 5 ஸ்டார், கடைக்கு 2.