சார்ஜரின் பச்சை விளக்கு

ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்தால் எனக்கென்று வீட்டில் ஒரு வேலைப் பட்டியல் காத்திருக்கும். இந்த ஜூலையில் அதில் முதலிடம் அலமாரி மேல் கிடந்த பழைய லேப்டாப்புக்கு. 2014-ல் நான் வாங்கி, பிறகு அப்பாவிடம் விட்டுப்போனது. வீட்டுப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று அப்பா ஸ்கேன் பண்ணி வைத்த அத்தனையும் அதற்குள்தான். தங்கைக்குப் பாகம் எழுதுகிற நேரம் பார்த்து அது கண் திறக்க மறுத்தது.

மண்டைக்காட்டில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பியே உதிர்கிற உப்புக்காற்று. லேப்டாப்பின் அடியில் இருந்த திருகுகளிலும் துரு. பேட்டரி வேறு வயிறு உப்பிக் கிடந்தது. அதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும் என்று தெரியும்; மெல்லக் கழற்றித் தனியே வைத்தேன். சார்ஜரையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்தேன். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து சில மெஷின்கள் இதிலேயே எழும்பிவிடும். இது எழும்பவில்லை.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. சுவரில் சொருகினால் சார்ஜரின் பச்சை விளக்கு எரிகிறது. பின்னை லேப்டாப்பில் சொருகிய உடனே அணைகிறது. உருவினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிகிறது. சார்ஜர்தான் பழுது என்று நினைத்தேன்.

நாகர்கோவிலில் கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் உள்ள ஒரு சர்வீஸ் கடை. டோக்கன், ஃபாரம், பார்க்கும் கூலி 300 ரூபாய். பாஸ்வேர்டையும் எழுதி வாங்கினார்கள். ஆன் ஆகாத மெஷினுக்கு பாஸ்வேர்டு எதற்கு என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. நாலாம் நாள் போன் வந்தது. "மதர்போர்டு போச்சு சார், மாத்த 11,500 ஆகும். புதுசே வாங்கிரலாம்." லேப்டாப்பைத் திரும்ப வாங்கி வந்து வீட்டில் கவிழ்த்துப் பார்த்தேன். திருகுத் தலைகளில் துரு அப்படியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல். திறக்காமலே போர்டு போனது எப்படித் தெரிந்ததோ!

அத்தை மகன்தான் திங்கள்சந்தையில் ஒரு பையனைச் சொன்னான். ஃபேன்சி ஸ்டோருக்கு மேலே, ஏணி மாதிரி செங்குத்தான படி. ஒரு மேஜை, லென்ஸ் வைத்த விளக்கு, சுவரெல்லாம் செத்த போர்டுகள். நான் கதையை ஆரம்பித்தேன். "பொறுங்கண்ணே" என்று சார்ஜரைச் சொருகினான். பச்சை அணைந்தது.

"ஷார்ட்டாக்கும். சார்ஜர் நல்லாத்தான் இருக்கு, உள்ள ஷார்ட்டுன்னு கண்டு அதுவா நிறுத்திக்கிடுது."

அடுத்து அவன் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது. "உள்ள இருக்க ஃபைல் மட்டும் போதுமா? போதும்னா போர்டுக்கு ஒரு பைசா செலவு செய்யாண்டாம். ஹார்ட் டிஸ்க்கக் கழத்தி யூ.எஸ்.பி. கேஸ்ல போட்டாப் போதும்." என்க்ரிப்ட் பண்ணாத, அதாவது ரகசியக் குறியாக மாற்றிப் பூட்டாத டிஸ்க்காக இருந்தால், விண்டோஸ் பாஸ்வேர்டு தெரியாதவன்கூட அப்படி எல்லாவற்றையும் வாசித்துவிடலாம். இனி எந்தக் கடைக்குக் கொடுத்தாலும் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டுதான் கொடுப்பேன்.

பத்திரங்களை அங்கேயே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் அப்பா அதில்தான் சீட்டு ஆடுவார். சரி பண்ணு தம்பி என்றேன்.

மல்டிமீட்டரை பீப்பில் வைத்துத் தொட்டான்; தொட்ட ரெண்டு இடமும் உள்ளே ஒட்டியிருந்தால் அது பீப் என்று கத்தும். சார்ஜரிலிருந்து 19 வோல்ட் வரும் பாதை நேராக எர்த்தோடு ஒட்டிக் கிடந்தது. அந்தப் பாதையில் மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் பொடிப் பொடி கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கின்றன, எது குற்றவாளி என்று கண்ணால் சொல்ல முடியாது. அதே பாதைக்கு பவர் சப்ளையில் இருந்து ஒரே ஒரு வோல்ட் கொடுத்தான். ஐசோபுரொபைல் ஆல்கஹாலை பிரஷ்ஷில் தொட்டு மேலே பூசினான். கரண்டு ஷார்ட்டான இடத்தில் பாயும், அந்த இடம் சுடும், சுட்ட இடத்தில் ஈரம் முதலில் காயும், கணக்கு அவ்வளவுதான். லென்ஸ் வழியே என்னையும் பார்க்கச் சொன்னான். பளபளவென்று நனைந்திருந்த போர்டில் ஒரே ஒரு புள்ளி வெளிறியது. நொய்யரிசி அளவுதான் இருக்கும்.

சரியாக அந்த நேரம் கரண்டு போனது. சாரல் பிடித்தால் எங்கள் பக்கம் இது வழக்கம்தான். அவன் இன்வெர்ட்டரில் ஒரு லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடும். கீழே போய் சுக்குக் காப்பியும் ஏத்தன்பழ பஜ்ஜியும் முடித்தோம். முக்கால் மணி நேரம்.

வந்து அந்தக் கெபாசிட்டரைச் சூடு காட்டி எடுத்ததும் பீப் நின்றது. அது இல்லாமலும் ஓடுமாம். ஆனாலும் செத்த போர்டு ஒன்றிலிருந்து அதே அளவில் எடுத்து வைத்தான். ரேமைக் கழற்றி, கறுத்திருந்த முனைகளை ரப்பரால் தேய்த்தான். சொருகினோம். பச்சை அணையவில்லை. ஃபேன் ஒரு முறை இருமிவிட்டுச் சுற்றியது. தேதி மட்டும் 2014 ஜனவரி 1 என்று காட்டியது. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சிஆர் 2032 காசு பேட்டரியை மாற்றியதும் அதுவும் சரியானது.

எல்லாம் சேர்த்து 850 ரூபாய். பில் கேட்டேன், நோட்டுத் தாளில் எழுதித் தந்தான். ஒரு மாதத்துக்குள் அதே கோளாறு வந்தால் காசு வாங்க மாட்டானாம். உப்பிய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள் என்று அவனே வாங்கி வைத்துக்கொண்டான். இனி சார்ஜரில் மட்டும் ஓடட்டும், ஆனால் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஆன் பண்ணுங்கள், உள்ளே சூடு இருந்தால் ஈரம் நிற்காது என்றான்.

இதை அப்பா டாக்டர் சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டார். நான் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் பேப்பர் படித்து முடித்ததும் லேப்டாப்பை ஆன் பண்ணுகிறாராம். "பச்சை எரியுது மக்கா" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துவிடுகிறது.