வேலூர் சத்துவாச்சாரி இதய மறுவாழ்வு வகுப்பு: எடை மெஷினுக்கு முழு மார்க், வராண்டாவுக்குப் பாதி

"பம்பிங் 30 பர்சென்ட்தான்" என்று எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டோடு, அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைந்து, வருபவர்களுக்கான வகுப்பு இது. வாரம் 3 நாள். வந்ததும் ஏற்றுவது டிரெட்மில்லில் அல்ல, எடை மெஷினில். 3 நாளில் 2 கிலோ கூடியிருந்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்துகிறார்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நேரே டாக்டரிடம் அனுப்புகிறார்கள். ஏறியது சதையல்ல, நீர்.

வார்ம்-அப் 10 நிமிடம். அவசரம் என்று கெஞ்சினாலும் குறைப்பதில்லை, நல்லது. பிறகு சைக்கிள்: ஆரம்பத்தில் 5 நிமிடம் மிதித்தால் 2 நிமிடம் ஓய்வு. நாடியை மட்டும் பார்த்து வேகம் கூட்டுவதில்லை என்பதுதான் இங்கே பெரிய விஷயம். மெட்டோபிரோலால், கார்விடிலால் போன்ற துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு எவ்வளவு மிதித்தாலும் நாடி பெரிதாக ஏறாது. அதை நம்பினால் ஆளை வாட்டிவிடுவோம். அதனால் 6 முதல் 20 வரை எண் போட்ட போர்க் அட்டையைக் காட்டி, எவ்வளவு சிரமம் என்று கேட்கிறார்கள். 11–13க்குள் இருக்க வேண்டும். பேச்சு வரணும், பாட்டு வரக்கூடாது. ஐசிடி (துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்க நெஞ்சில் வைக்கும் கருவி) வைத்தவர்களிடம் கருவி எந்தத் துடிப்பில் ஷாக் கொடுக்கும் என்று கேட்டு, அதற்கு 10–20 கீழேயே நிறுத்திவிடுகிறார்கள்.

சொதப்பல், 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்று அளக்கும் நடைத் தேர்வில். அதற்கு 30 மீட்டர் நேர்பாதை வேண்டும். இங்கே வராண்டாவே 12 மீட்டர். திரும்புவதிலேயே தூரம் போய்விடும். பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டு "மோசமாயிடுச்சு" என்று பதறாதீர்கள், இதே வராண்டாவில் முன்பு நடந்த எண்ணோடு பாருங்கள்.

உணவுத் தாள் எங்கேயோ அச்சடித்தது. ஓட்ஸ், சாலட் எல்லாம் இருக்கிறது. நம் வீட்டு உப்பு ஒளிந்திருக்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, ஆம்பூர் பிரியாணியோடு வரும் கத்தரிக்காய்த் தொக்கு எதுவும் இல்லை. சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா என்பதற்கும் பதில் இல்லை. அதில் பொட்டாசியம் இருக்கிறது; பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கோடையில் காலை 6 மணி பேட்ச் மட்டும் எடுங்கள். வேலூர் வெயிலில் வியர்வையும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். இன்னொன்று, மையம் முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. இதய நோயாளிக்கு இப்படி ஓர் இடத்தை யார் பிடித்தார்களோ! படியில் பாதி வழியில் நாற்காலி போட்டிருக்கிறார்கள், கூச்சப்படாமல் உட்காருங்கள்.